எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கடையை நடத்த முடியவில்லை: முன்நுதற் புறணி என்ன செய்கிறது?

பாலையூற்று

அனைவருக்கும் வணக்கம். இது மருத்துவ ஆலோசனை கேட்கும் பதிவு அல்ல. சித்தப்பாவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. கண் முன்னே நடப்பதை விளங்கிக்கொள்ள விரும்புகிறேன், அவ்வளவுதான்.

சித்தப்பா திருகோணமலை நகரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நிலாவெளி வீதியில் இரவு வேளையில் மாடு குறுக்கே வந்து, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் நெற்றியில் பலமாக அடிபட்டது. மூளையின் முன்பக்கத்தில் இரு புறமும் நசிவு இருப்பதாக ஸ்கான் அறிக்கை சொன்னது. மாதங்கள் கழிந்து நடையும் பேச்சும் பழையபடி திரும்பின. ஞாபகசக்தியைச் சோதித்தபோது சொல்லப்பட்ட சொற்களை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். யார் யார் எவ்வளவு கடன் என்பதைக் கொப்பியைத் திறக்காமலே இன்றும் சொல்கிறார். ஆகவே குணமாகிவிட்டார் என்று எண்ணி, வீட்டார் அவரை மறுபடியும் கடையில் இருத்திவிட்டார்கள்.

அங்கே நான் கண்டதை எழுதுகிறேன். ஒருவர் ஒரு கிலோ சீனி கேட்டார், நிறுத்துக் கொடுத்தார். அடுத்து வந்த அம்மா அரைக் கிலோ பருப்புக் கேட்டார். சித்தப்பா “பருப்பு அரைக் கிலோ” என்று வாயால் சொல்லிக்கொண்டே சீனி மூட்டைக்குள் கரண்டியை விட்டார். “பருப்பல்லவா கேட்டார்கள்” என்றேன். “ஓம், பருப்புத்தான்” என்று சற்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, மறுபடியும் சீனியையே அள்ளித் தராசில் போட்டார். அதேபோல, “இவன் வாங்கினால் தரமாட்டான்” என்று காலையில் அவரே சொன்ன ஆளுக்கு மாலையில் மறுபடியும் கடன் கொடுக்கிறார்.

சொந்தக்காரர்கள் இதை வீம்பு என்கிறார்கள், சிலர் நடிப்பு என்றே சொல்கிறார்கள். நினைவு முழுமையாக இருக்கும் ஒருவரிடம் அந்த நினைவின்படி நடக்கும் ஆற்றல் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

உட்துறைமுகம்

சித்தப்பா நடிக்கவில்லை, தங்கச்சி. நீங்கள் எழுதிய பருப்பும் சீனியும் நரம்பியல் நூல்களில் நன்கு பதிவான ஒரு நிலை. ஊரை விட்டு வந்து நரம்பறிவியல் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையின் முன்பக்கமான நுதற் சோணையின் முன்பகுதி, அதாவது அசைவுகளை நேரடியாக ஏவும் பகுதிக்கு முன்னால் நெற்றிக்குப் பின்னே இருக்கும் பகுதி, முன்நுதற் புறணி எனப்படும். பிரென்டா மில்னர் 1963 இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய்க்காக நுதற் சோணையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்குச் சீட்டுகளைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார். சீட்டுகளை நிறத்தின்படியோ உருவத்தின்படியோ எண்ணிக்கையின்படியோ பிரிக்கலாம். எது சரி என்று சொல்லமாட்டார்கள், ஒவ்வொரு சீட்டுக்கும் “சரி” அல்லது “பிழை” என்று மட்டும் சொல்வார்கள். நிறம் என்று கண்டுபிடித்துத் தொடர்ந்து பத்துத் தடவை சரியாகச் செய்ததும், சொல்லாமல் விதியை உருவத்துக்கு மாற்றிவிடுவார்கள். நல்ல நிலையில் உள்ளவர் சில பிழைகளோடு மாறிவிடுவார். நுதற் சோணையின் மேற்பக்கவாட்டுப் பகுதியை இழந்தவர்களோ “பிழை, பிழை” என்று கேட்டுக்கொண்டே நிறத்தின்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் சிலர், தாம் செய்வது பிழை என்று வாயால் சொல்லிக்கொண்டே அதையே செய்தார்கள். அறிவது ஒரு வேலை, அறிந்ததைக் கொண்டு கையை நடத்துவது இன்னொரு வேலை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1953 இல் வலிப்புக்காக, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸ் பகுதி இரு புறமும் அகற்றப்பட்ட, எச்.எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட அமெரிக்கர், ஒரு புதிய முகத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் நினைவில் வைத்திருக்க முடியாதவரானார். ஆனால் கேட்ட எண்களை அந்தக் கணத்தில் மனத்தில் வைத்துத் திருப்பிச் சொன்னார், நடத்தையிலும் ஒழுங்கானவராகவே இருந்தார். அவருக்கு இல்லாதது சித்தப்பாவுக்கு இருக்கிறது, சித்தப்பாவுக்கு இல்லாதது அவருக்கு இருந்தது.

குரங்குகளிலும் இதைக் கண்டார்கள். 1930களில் கார்லைல் ஜேக்கப்சன், இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் கீழ் உணவை வைப்பதைக் குரங்குக்குக் காட்டி, திரையை இறக்கிச் சில விநாடிகள் காக்கவைத்து, பிறகு எடுக்கச் சொன்னார். முன்நுதற் புறணி அகற்றப்பட்ட குரங்குகள் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டவில்லை. அண்மைய நினைவு அழிந்துவிட்டது என்றுதான் அவர் முடிவு செய்தார். ஆனால் 1942 இல் ரொபர்ட் மால்மோ, காத்திருக்கும் நேரத்தில் அறை விளக்கை அணைத்துவிட்டால் அதே வகைக் குரங்குகள் பெரிதும் திருத்தமாகச் செய்கின்றன என்று காட்டினார். கண்ணில் படும் மற்றவற்றால் கலையாதபடி ஒரு தகவலைக் காத்து நிற்கும் வேலையே பழுதடைந்திருந்தது. நான் இந்த ஆய்வை மிகவும் மதிக்கிறேன், பாடநூல்களில் இதற்குக் கிடைக்கும் இடம் போதாது.

அந்தக் காத்து நிற்றலைக் கலங்களில் நேரடியாகக் கண்டது 1971 இல். ஜோகின் ஃபுஸ்டரும் காரெட் அலெக்சாண்டரும் ஒரு பக்கம், ஜப்பானில் குபோட்டாவும் நிகியும் மறுபக்கம், குரங்கின் முன்நுதற் புறணியில் மெல்லிய மின்வாய்களை இறக்கிப் பதிவு செய்தபோது, தூண்டல் மறைந்த பின்னும், இடைவெளி முழுவதும் தொடர்ந்து மின்துடிப்பு விடும் நரம்புக் கலங்களைக் கண்டார்கள். பின்னர் பட்ரீசியா கோல்ட்மன்-ரக்கிச்சின் குழு 1989 இல், திரையில் ஒரு குறிப்பிட்ட திசையில் தோன்றி மறைந்த புள்ளிக்கு மட்டும் இப்படித் துடிக்கும் கலங்களைக் காட்டியது. புறணியின் மூன்றாம் படையில் உள்ள கூம்புக் கலங்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருப்பதாலும், அருகிலுள்ள தடுப்புக் கலங்கள் வேறு திசைகளை அடக்குவதாலும் அந்தத் துடிப்பு நிலைக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

இந்தப் புறணி தனியே இயங்குவதில்லை. அதிலிருந்து கிளம்பும் நார்கள் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தளத் திரட்டுகளுக்குச் சென்று, அங்கிருந்து தலமஸ் என்ற இடைநிலையம் வழியாக மறுபடியும் புறணிக்கே வருகின்றன. அலெக்சாண்டர், டிலோங், ஸ்ட்ரிக் ஆகியோர் 1986 இல் இத்தகைய ஐந்து இணைச் சுற்றுகளை விவரித்தார்கள்: அசைவுக்கு ஒன்று, கண்ணசைவுக்கு ஒன்று, எஞ்சிய மூன்றும் முன்நுதற் புறணியின் வெவ்வேறு பகுதிகளுக்கு. சுற்றின் எந்த இடம் பழுதானாலும் புறணி பழுதானது போன்ற குறிகள் வரலாம். சித்தப்பாவுக்கு மேற்பக்கவாட்டுப் பகுதியும், கண்குழிக்கு மேலே உள்ள கீழ்ப்பகுதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். விழும்போது மூளையின் அடிப்பக்கம் மண்டையோட்டின் கரடுமுரடான தளத்தில் உராய்வதால் அந்தக் கீழ்ப்பகுதி நசிவது வழமை. கடன் விடயம் அதனோடு தொடர்புடையது.

கப்பல்துறை

அண்ணா, நல்ல பதிவு, ஆனால் வாசிப்பவர் “நெற்றிக்குப் பின்னே ஒரு முதலாளி இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போவான்” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சில ஆட்சேபணைகளை முன்வைக்கிறேன்.

முதலில், யாராவது ஒருவர் ஃபினியாஸ் கேஜின் கதையை இங்கே கொண்டுவரத்தான் போகிறார், நானே முந்திக்கொள்கிறேன். 1848 செப்டெம்பரில் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது, ஏறக்குறைய 1.1 மீற்றர் நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கோல் அவருடைய இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து உச்சந்தலையால் வெளியேறியது. உயிர் பிழைத்தார், குணம் மாறினார். இவ்வளவோடு நிறுத்திவிட்டு, வாழ்நாள் முழுவதும் குடிகாரனாகவும் ஊர்சுற்றியாகவும் திரிந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். நேரத்துக்கு எழும்பி, குதிரைகளைப் பூட்டி, பயணிகளோடு பேசி, மலைப்பாதையில் பல கடிவாளங்களை ஒரே நேரத்தில் கையாளும் வேலை அது. 1860 இல் இறக்கும் முன் அவர் எவ்வளவோ தேறியிருந்தார் என்பதை இந்த வேலையே காட்டுகிறது. பாலையூற்றுக் குடும்பத்தார் கேட்க வேண்டிய பகுதியும் அதுதான்.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் தொழில்நுட்பமானது. கண்குழிக்கு மேலுள்ள புறணியை எடுத்துவிட்டால், பலன் தரும் பொருள் மாறும்போது குரங்கு தன் தெரிவை மாற்றாது என்று பல தசாப்தங்களாகக் கற்பித்தார்கள். 2013 இல் ரூட்பெக், மரே முதலானோர், கலங்களை மட்டும் கொல்லும் நச்சைப் பயன்படுத்தி அதே பகுதியை அழித்துப் பார்த்தபோது, குரங்குகள் வழமைபோலவே தெரிவை மாற்றின. முந்தைய ஆய்வுகளில் புறணியை உறிஞ்சி எடுத்தபோது, அதன் அடியால் வேறெங்கோ செல்லும் நார்களும் அறுந்திருந்தன. ஒரு பகுதிக்கு ஒரு வேலை என்று பெயர் ஒட்டும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது. அந்தக் குரங்குகளிடம் எஞ்சியிருந்த குறை ஒன்றுதான்: வயிறு நிறையத் தின்று சலித்த உணவின் பெறுமதி குறைந்துவிட்டது என்பதைத் தெரிவுக்குள் கொண்டுவர அவற்றால் இயலவில்லை.

மூன்றாவது, இடைவெளி முழுவதும் தொடர்ந்து துடிக்கும் கலங்கள் என்பது இன்று எல்லோரும் ஏற்கும் கருத்து அல்ல. பல தடவைகளின் பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தொடர்ச்சி போலத் தெரிவது, ஒவ்வொரு தடவையாகப் பார்த்தால் விட்டுவிட்டு வரும் குறுகிய வெடிப்புகளாக இருக்கலாம் என்று ஏர்ல் மில்லரின் குழு வாதிடுகிறது. இடையில் தகவலைத் தாங்குவது நரம்பிணைப்புகளே என்பதற்கு மொங்கில்லோ, பராக், சோடிக்ஸ் 2008 இல் ஒரு மாதிரி தந்தார்கள்: துடித்த கலத்தின் முனையில் சற்று நேரம் எஞ்சி நிற்கும் கல்சியம் அந்த இணைப்பைத் தற்காலிகமாக வலுவாக்குகிறது, ஆகவே கலம் மௌனமாக இருந்தாலும் தடம் இருக்கிறது.

உவர்மலை டீச்சர்

உயிரியல் கற்பிப்பவள். தம்பிமார் இருவரும் எழுதியதை உயர்தர மாணவர்களுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். எங்கள் குறிப்புகளில் நுதற் சோணைக்கு நேரே “சிந்தனை, ஆளுமை” என்று ஒரு வரி, நினைவுக்கு நேரே வேறொரு வரி, அவ்வளவோடு அடுத்த தலைப்பு.

எனக்கு இரண்டு கேள்விகள். வகுப்பில் கேட்டால் தெளிவாகச் சொல்லும் பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளை விரித்ததும் ஒன்றுமே வரவில்லை என்று அழுதுகொண்டு வெளியே வருகிறது. வந்து ஐந்து நிமிடத்தில், வாசலில் நின்றபடியே விடையை முழுமையாகச் சொல்கிறது. இதற்கும் சித்தப்பாவின் நிலைக்கும் தொடர்பு உண்டா? மற்றது, படித்தது கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? ஹிப்போகம்பஸிலா, இந்த முன்நுதற் புறணியிலா?

உட்துறைமுகம்

கப்பல்துறை சொன்ன மூன்றும் வேண்டியவை. முதலாளி என்ற எண்ணத்துக்கு மாற்றாக நான் ஏற்பது மில்லரும் கோஹனும் 2001 இல் தந்த விளக்கம். அவர்களே ரயில் பாதையை உவமையாக எடுத்தார்கள், நம் ஊருக்கு அது இன்னும் பொருந்தும். கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பாதை பிரிகிறது. ரயிலை இழுப்பது அங்கே நிற்கும் ஊழியர் அல்லர், தண்டவாளத்தைப் போட்டவரும் அவரல்லர். எந்தப் பாதை இணைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொள்கிறார். “சீனியை அள்ளு” என்ற பாதையும் “பருப்பை அள்ளு” என்ற பாதையும் சித்தப்பாவின் மூளையின் மற்றப் பகுதிகளில் பல ஆண்டுப் பழக்கத்தால் உறுதியாகவே இருக்கின்றன. இப்போது எது பொருந்தும் என்பதற்கான குறிப்பைத் தாங்கி, பலவீனமான பாதைக்குச் சற்று ஆதரவு தந்து, சற்று முன் பயன்பட்ட வலிய பாதையை அடக்குவதே முன்நுதற் புறணியின் பங்கு. அந்த ஆதரவு குறைந்தால் கடைசியாகச் செய்ததே மறுபடியும் வெல்லும். இந்த விளக்கத்துக்குத் தொடர்ச்சியான துடிப்பும் போதும், விட்டுவிட்டு வரும் வெடிப்பும் போதும்.

டீச்சரின் முதற் கேள்விக்கு வருகிறேன். தொடர்பு உண்டு. மாணவரிடம் காயம் இல்லை, அதே சுற்று சிறிது நேரம் இரசாயனத்தால் தளர்கிறது. 1979 இல் பிரோசோஸ்கியும் கோல்ட்மனும் சகாக்களும், குரங்கின் முன்நுதற் புறணியில் நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற இரசாயனத்தை மட்டும் அகற்றியபோது, அந்தப் புறணியையே வெட்டி எடுத்ததற்கு ஏறக்குறைய ஈடான குறை வந்தது. டோபமைன் குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி என்பதை ஏமி ஆர்ன்ஸ்டன் முதலானோர் பின்னர் விரிவாகக் காட்டினார்கள். கடும் பதற்றத்தில் டோபமைனும் நோர்அட்ரினலினும் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, கூம்புக் கலங்களின் இணைப்புகளுக்கு அருகே உள்ள அயன் வாயில்கள் திறந்து, அந்த இணைப்புகள் வழியே வரும் சமிக்ஞை சில நிமிடங்களுக்குள் வலுவிழக்கிறது. அதே வேளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயற்பாடு கூடுகிறது. ஆபத்தில் யோசித்து நிற்காமல் உடனே விலகுவதற்கு உதவும் ஏற்பாடு, பௌதிகவியல் வினாத்தாளுக்கு உதவாது. வெளியே வந்து சுரப்பு இறங்கியதும் விடை கிடைத்துவிடுகிறது, அது எங்கும் போய்விடவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய முழித்திருந்து படிப்பது இதை இன்னும் மோசமாக்கும். 2007 இல் மத்யூ வோக்கரின் குழு, ஓர் இரவு முழுதும் உறங்காதவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, அமிக்டலாவின் துலங்கல் உறங்கியவர்களைவிட ஏறக்குறைய 60 வீதம் கூடியிருந்தது, அமிக்டலாவுக்கும் முன்நுதற் புறணியின் நடுப்பகுதிக்கும் இடையிலான தொடர்பும் தளர்ந்திருந்தது.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய படம் இப்படி இருந்தது: புதிய நினைவு முதலில் ஹிப்போகம்பஸில் பதிந்து, வாரங்கள், மாதங்கள் ஆக ஆகப் புறணிக்கு இடம்பெயர்கிறது. அதைத் திருத்திய இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். எடின்பரோவில் ரிச்சர்ட் மொரிஸின் குழு 2007 இல், எலிகளுக்கு எந்தச் சுவைக்கு எந்த இடத்தில் உணவு கிடைக்கும் என்ற சோடிகளைப் பல வாரங்கள் பழக்கியது. அந்த ஒழுங்கு பிடிபட்ட பின் இரண்டு புதிய சோடிகளை ஒரே தடவை காட்டினாலே கற்றுக்கொண்டன. அதைவிட வியப்பு, 48 மணித்தியாலத்துக்குள் அந்தப் புதிய நினைவு ஹிப்போகம்பஸ் இல்லாமலே நின்றது. 2011 இல் அதே குழு, அந்நேரத்தில் முன்நுதற் புறணியின் நடுப்பகுதியில் கற்றலோடு தொடர்புடைய மரபணுக்கள் செயற்படுவதைக் காட்டியது. முன்னரே ஓர் ஒழுங்கு இருந்தால் புதியது அதற்குள் விரைவாகப் பொருந்துகிறது, அந்தப் பொருத்துதலில் இந்தப் புறணிக்குப் பங்கு உண்டு. மற்றது, டொனெகாவாவின் ஆய்வுகூடத்தில் கிட்டமுராவும் சகாக்களும் 2017 இல் சுண்டெலிகளில் கண்டது: பயத்தைக் கற்ற முதல் நாளிலேயே முன்நுதற் புறணியில் அந்த நினைவுக்கான கலங்கள் தெரிவாகிவிடுகின்றன. ஆனால் அப்போது இயல்பான மீட்டலில் அவை பங்கெடுப்பதில்லை, ஹிப்போகம்பஸிலிருந்து வரும் உள்ளீட்டின் துணையோடு பின்வரும் நாட்களிலும் வாரங்களிலும் முதிர்கின்றன. அதாவது நினைவு இடம்பெயர்வதாகச் சொல்வதைவிட, இரண்டு இடத்திலும் ஒரே நாளில் தொடங்கி வெவ்வேறு வேகத்தில் வளர்கிறது என்பதே பொருத்தம்.

சல்லி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கரையிலிருந்து ஒரு கேள்வி.

2004 டிசெம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு என் அப்பா நெடுங்காலம் கடலுக்குப் போகவில்லை. பிறகு மெல்ல மெல்ல, முதலில் கரையில் வலை தைத்துக்கொண்டும், அதன் பின் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியும், கடைசியில் தன் சொந்தப் படகிலும் பயம் தெளிந்து பழையபடி தொழிலுக்குப் போனார். அண்மையில் வெளியூர்ச் சொந்தங்கள் புறாமலை பார்க்க வேண்டும் என்றதால் நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சுற்றுலாப் படகில் ஒரு காலை வைத்தவர், விளிம்பை இறுகப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். உடம்பு நடுங்கியது, மற்றக் காலைத் தூக்க முடியவில்லை. அடுத்த நாள் விடியற்காலையில் சல்லியில் தன் படகில் வழமைபோலக் கடலுக்குப் போனார். பயம் போய்விட்டதா, போகவில்லையா? இதற்கும் முன்நுதற் புறணிதான் பொறுப்பா?

தோப்பூர்

தம்பி, இதற்கு நான் பதில் எழுதுகிறேன். தொழில்வழிச் சிகிச்சை செய்பவள், பயத்தோடு வருபவர்களையும் தலைக்காயத்தோடு வருபவர்களையும் பார்ப்பது என் அன்றாட வேலை.

அப்பாவின் பயம் அழியவில்லை. அதன் மேல் “இங்கே ஒன்றும் நடக்காது” என்ற இரண்டாவது நினைவு கட்டப்பட்டிருக்கிறது. பயம் தணிவது மறதி அல்ல, புதிய கற்றல் என்பதற்கான அடையாளங்கள் பவ்லோவின் நாய்களிலேயே தெரிந்தன: தணிந்துபோன துலங்கல், சிறிது நேரம் விட்டால் தானாகத் திரும்பி வந்தது. 2002 இல் மிலாட், குயர்க் ஆகிய இருவரும், ஒலியோடு மின் அதிர்ச்சி பெற்றுப் பயந்த எலிகளுக்கு அதிர்ச்சியில்லாமல் ஒலியை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்கச் செய்து பயத்தைத் தணித்தார்கள். மறுநாள் அதே ஒலிக்கு முன்நுதற் புறணியின் நடுவே, கீழ்ப்பகுதியில் உள்ள கலங்கள் எவ்வளவு கூடத் துடித்தனவோ அவ்வளவு குறைவாகவே எலி உறைந்து நின்றது. அந்தக் கலங்கள் அமிக்டலாவின் தடுப்புக் கலங்களைத் தூண்டி, பயத்தின் வெளிப்பாட்டை அடக்குகின்றன என்பது ஏற்கப்பட்ட விளக்கம். அதற்குச் சற்று மேலே உள்ள பகுதி எதிர்மாறாகப் பயத்தின் வெளிப்பாட்டுக்குத் துணை போகிறது. ஆகவே “முன்நுதற் புறணி பயத்தை அடக்கும்” என்று மொத்தமாகச் சொல்வதும் சரியல்ல.

இனி நிலாவெளி. இந்த இரண்டாவது நினைவு இடத்தோடு கட்டுண்டது. பயந்த கற்றல் எல்லா இடத்துக்கும் எளிதில் பரவும், தணிந்த கற்றலோ தான் நடந்த இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற தகவலை ஹிப்போகம்பஸ் முன்நுதற் புறணிக்கும் அமிக்டலாவுக்கும் தருகிறது. சல்லிக் கரை, தன் படகு, விடியற்காலை என்ற சூழலில் தணிவு வெளிவருகிறது. வேறு கரை, வேறு படகு, படகு நிறையப் பயணிகள் என்றதும் பழையது மேலெழுகிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் பயம் தணிக்கும் சிகிச்சையை ஒரே அறையில் முடிக்காமல் பல இடங்களிலும் பல வேளைகளிலும் செய்கிறார்கள். அப்பாவை மறுபடியும் வற்புறுத்திப் புறாமலைக்கு ஏற்ற வேண்டாம். அவர் விரும்பினால், வேறு கரையில் தெரிந்த ஒருவரின் படகில், அலை இல்லாத நாளில் சிறிது தூரம் போய்வருவது அடுத்த படியாக இருக்கலாம். அவருக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். புறாமலை பார்க்காமலும் வாழலாம்.

பாலையூற்று

எல்லோருக்கும் நன்றி. குடும்பத்தாருக்கு இதை வாசித்துக் காட்டினேன். நடிப்பு என்ற பேச்சு நின்றிருக்கிறது, வீம்பு என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. தோப்பூர் அக்கா, கடையில் நடைமுறையாக என்ன செய்யலாம்? மருந்து ஏதும் உண்டா?

தோப்பூர்

மருந்தைப் பற்றி உங்கள் டொக்டரிடம் மட்டும் கேளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் மருந்துக்கடையில் வாங்க வேண்டாம். டோபமைன் கூடினாலும் கெடுதி என்று மேலே எழுதியிருக்கிறார்களே.

கடைக்கு வருவோம். உள்ளே தளர்ந்துவிட்ட குறிப்பை வெளியே வைப்பதுதான் எங்கள் முறை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துண்டுத் தாள்: “பருப்பு 500 கிராம்” என்று அவரே எழுதி, தராசின் தட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு அள்ளப் போகட்டும். அள்ளிய பின் தட்டில் கொட்டும் முன் ஒரு தடவை நின்று தாளைப் பார்த்து வாசிக்கப் பழக்குங்கள். வெறும் வாயால் சொல்வது போதாது, அதை அவர் ஏற்கெனவே செய்கிறார், கை கேட்கவில்லை. சீனி மூட்டையையும் பருப்பு மூட்டையையும் அருகருகே வைக்காமல் கடையின் இரண்டு பக்கத்தில் வையுங்கள். நடந்து போகும் அந்தச் சிறு இடைவெளி பழைய செயலை முறிக்க உதவும். வானொலியை நிறுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கேட்கட்டும். மால்மோ விளக்கை அணைத்ததும் இதற்காகத்தான். பிழை விட்டால் “சொன்னேனே” என்று வாதாட வேண்டாம், விதி அவருக்குத் தெரியும். தாளைத் தொட்டுக் காட்டினால் போதும்.

கடன் விடயம் வேறு, அதை அவரிடம் விடக்கூடாது. முன்நுதற் புறணியின் கீழ்-நடுப்பகுதி சேதமடைந்தவர்களை வைத்து பெச்சாராவும் டமாசியோவும் 1994 இல் ஒரு சீட்டு விளையாட்டை அறிமுகப்படுத்தினார்கள். நான்கு கட்டுகள், அவற்றில் இரண்டு பெரிய தொகை தந்து இடையிடையே அதைவிடப் பெரிய இழப்பைத் தரும். மற்ற இரண்டும் சிறிய தொகை தந்து மொத்தத்தில் இலாபம் தரும். நல்ல நிலையில் உள்ளவர்கள் போகப்போக இரண்டாவது வகைக்கு மாறுகிறார்கள். சேதமடைந்தவர்கள் தொடர்ந்து நட்டப்படும் கட்டையே எடுத்தார்கள். எது கெட்ட கட்டு என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தவர்களும் அதையே எடுத்தார்கள் என்பதைப் பின்னைய ஆய்வு காட்டியது. “இவன் தரமாட்டான்” என்று சொல்லிவிட்டுக் கடன் கொடுப்பது இதே வகை. கடன் கொப்பியில் இன்னொருவர் கையொப்பம் இல்லாமல் பொருள் வெளியே போகாது என்று கடைக்கு ஒரு விதி வையுங்கள். அவரை அவமதிப்பதாகத் தெரியாதபடி எல்லோருக்கும் பொதுவான விதியாக எழுதி ஒட்டிவிடுங்கள். மோட்டார் சைக்கிள் சாவியையும் டொக்டர் சொல்லும் வரை எடுத்து வையுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உவர்மலை டீச்சர்

ஒரு சிறு கேள்வி. முன்நுதற் புறணி 25 வயதில்தான் முழுமையடையும், அதுவரை பிள்ளைகளிடம் பொறுப்பை எதிர்பார்க்கக் கூடாது என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் பேசினார். இன்னொரு தாய், நினைவாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் ஒரு மூளைப் பயிற்சிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பெருந்தொகை கட்டிச் சேர்த்திருக்கிறார். புலமைப்பரிசிலுக்கு உதவும் என்று நம்புகிறார். என்ன சொல்லட்டும்?

கப்பல்துறை

25 என்பது எந்த ஆய்வும் கண்டுபிடித்த எல்லைக்கோடு அல்ல. நுதற் சோணையில் நரம்பிணைப்புகள் களையப்படுவதும், நார்களின் மேலுறை தடிப்பதும், பார்வைக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகளைவிடத் தாமதமாக, இருபதுகளிலும் தொடர்கின்றன. அது சீரான சரிவு, குறித்த பிறந்தநாளில் முடிவதல்ல. ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. பதினாறு வயதுப் பிள்ளை அமைதியான இடத்தில் யோசித்து நல்ல முடிவு எடுக்கும். கூட்டாளிகள் சூழ நிற்கும்போது, சூடான கணத்தில், அதே பிள்ளை தடுமாறும். பொறுப்பைக் கொடுக்காமல் வைத்திருந்தால் இந்தச் சுற்றுகளுக்குப் பழக்கமும் கிடைக்காது.

உட்துறைமுகம்

மூளைப் பயிற்சிக்கு என் பதில் குறுகியது. செயல்நினைவுப் பயிற்சிகள், அதாவது ஒரு தகவலைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக் கையாளப் பழக்கும் பயிற்சிகள், பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மெல்பி-லெர்வாக், ஹுல்ம் ஆகியோர் 2013 இல் மதிப்பிட்டார்கள். பயிற்சி செய்த விளையாட்டிலும் அதை ஒத்த சோதனைகளிலும் பிள்ளைகள் அப்போதைக்குத் தேறுகிறார்கள், வாசிப்பிலோ கணக்கிலோ அந்தத் தேர்ச்சி தெரியவில்லை. அந்தப் பணத்துக்குப் பதில் ஒரு கொப்பி போதும். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006 இல் காட்டியபடி, ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே நன்றாகச் செய்தார்கள். பிள்ளை பாடத்தை வாசித்துவிட்டு, புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து, நினைவில் உள்ளதை எழுதட்டும். பிறகு திறந்து விடுபட்டதைச் சரிபார்க்கட்டும். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கட்டும். பயிற்சிக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று அந்தத் தாய் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.